மதிப்பெண்ணுக்கு யார் மதிப்பெண் போடுவது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய அச்சு வடிவம்)



இந்த அரங்கில் அமர்ந்திருப்பவர்களில் பலர் ஏதோ ஒரு காலத்தில் மேலதிகாரியின் பேனாவுக்கு அஞ்சியிருப்பார்கள். அரசு அலுவலகத்தில் அதற்கு 'சி.ஆர்.', அதாவது ரகசியக் குறிப்பு, என்று பெயர். பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனங்களில் அதுவே 'அப்ரைசல்'. பெயர் எதுவானாலும் நடப்பது ஒன்றுதான். ஒருவர் ஓராண்டு முழுக்கச் செய்த வேலையை இன்னொருவர் நினைவிலிருந்து தேடியெடுத்து ஓர் எண்ணாக மாற்றுகிறார். பதவி உயர்வும் இன்கிரிமென்ட்டும், சில இடங்களில் வேலையேகூட, அந்த எண்ணை நம்பித்தான் இருக்கின்றன.

அந்த எண் சரிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தொழில்சார் உளவியலாளர்கள் நூறு ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். தராசைச் சோதிக்க முத்திரையிட்ட எடைக்கல் இருக்கிறது. பணித்திறனுக்கு அப்படி ஒரு கல் எந்த அலுவலகத்திலும் இல்லை. ஆய்வாளர்கள் தாங்களே அதைச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. எந்தக் கல்லைச் செய்துகொண்டார்களோ, அதற்கேற்ற விடைதான் கிடைத்தது. ஆகவே ஒரு நிறுவனம் தன் மதிப்பீட்டு முறை துல்லியமானது என்று சொன்னால், 'எதனோடு ஒப்பிட்டு? எந்த முடிவுக்காக?' என்று கேட்ட பிறகே அதை ஏற்க வேண்டும். இந்த உரையின் வாதம் இவ்வளவே. இனி வருவன அதற்கான சான்றுகள்.

1. பிழையைத் தேடிய காலம்

1920இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். முதல் உலகப் போர்க் காலத்தில் விமானப் பயிற்சி பெற்றுவந்த வீரர்களுக்கு அவர்களின் அதிகாரிகள் மதிப்பெண் தந்திருந்தார்கள். உடற்கட்டு, அறிவு, தலைமைப்பண்பு, குணநலன் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். தார்ன்டைக் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவை இருக்க வேண்டியதைவிட மிக நெருக்கமாகப் பின்னிக் கிடந்தன. மிடுக்கான தோற்றம் கொண்டவருக்கு அறிவுக்கும் கூடுதல் மதிப்பெண், குணத்துக்கும் கூடுதல் மதிப்பெண். ஒருவரைப் பற்றிய ஒட்டுமொத்த அபிப்பிராயம் எல்லாக் கட்டங்களிலும் வழிந்து பரவுவதை 'ஒளிவட்டப் பிழை' என்கிறோம். அந்தப் பெயரின் வேர் இந்தக் கட்டுரைதான்.

அடுத்த அரை நூற்றாண்டு இந்தத் தடத்திலேயே போயிற்று. எல்லோருக்கும் அள்ளிக் கொடுப்பது ஒரு பிழை. யாருக்கும் பாதகமின்றி நடுவில் போட்டுவிடுவது இன்னொரு பிழை. இப்படிப் பிழைகளின் பட்டியல் வளர்ந்தது. இந்த முறையில் ஆய்வாளருக்கு ஒரு பெரிய வசதி உண்டு: ஊழியர் உண்மையில் எப்படி வேலை செய்தார் என்று அவர் தெரிந்துகொள்ளவே வேண்டாம். மதிப்பெண் தாள் கையில் இருந்தால் போதும். பிழை குறைந்தால் துல்லியம் கூடும் என்பது எல்லோரும் சோதிக்காமலே நம்பிய அனுமானம்.

அந்த அனுமானத்தில் ஓட்டை இருந்தது. நல்ல ஊழியர் பல வகையிலும் நல்லவராகவே இருக்கலாம். அப்போது மதிப்பெண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது உண்மையின் பிரதிபலிப்பு. ஒரு பிரிவில் எல்லோருமே திறமைசாலிகளாக இருந்தால், எல்லோருக்கும் எட்டு போடுபவர் நேர்மையாளரே. 1980இல் ஜான் பெர்னார்டினும் ஏர்ல் பென்ஸும் வெளியிட்ட ஆய்வு இதை வெட்டவெளிச்சமாக்கியது. ஒளிவட்டத்தையும் தாராளத்தையும் தவிர்க்கும்படி பயிற்சி பெற்றவர்களிடம் அந்தப் 'பிழைகள்' குறைந்தன. கூடவே துல்லியமும் குறைந்தது. மதிப்பெண்களைப் பரப்பிப் போடக் கற்றுக்கொண்டார்களே தவிர, ஆளைப் பார்த்துப் போடக் கற்றுக்கொள்ளவில்லை. பின்னர் 1989இல் கெவின் மர்ஃபியும் வில்லியம் பால்சரும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்தப் பிழை அளவுகளுக்கும் துல்லியத்துக்கும் இடையிலான தொடர்பு ஏறத்தாழப் பூஜ்யம் என்று தெரிந்தது.

இன்றும் மனிதவளத் துறையின் பயிற்சி வகுப்புகளில் முதல் நாள் பாடம் இந்தப் பிழைப் பட்டியல்தான். 'பெல் கர்வ்' என்ற பெயரில் மதிப்பெண்களைக் கட்டாயமாகப் பரப்பும் வழக்கமும் இதே நம்பிக்கையில் பிறந்தது. மைக்ரோசாஃப்ட் அதை 2013இல் கைவிட்டது.

2. துல்லியம் ஒன்றல்ல, நான்கு

1955இல் லீ கிரான்பாக் எழுதிய ஆய்வுரை அலுவலகத்தைப் பற்றியதே அல்ல. ஒரு மனிதர் இன்னொருவரைச் சரியாகப் புரிந்துகொள்கிறாரா என்பதைப் பற்றியது. ஆனால் இத்துறையின் கணக்கே அதிலிருந்துதான் மாறியது. தந்த மதிப்பெண்ணுக்கும் உண்மையான மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே எண்ணாகச் சுருக்கக் கூடாது, அதற்குள் நான்கு தனித்தனி விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன என்று அவர் காட்டினார். 1982இல் மர்ஃபியும் சகாக்களும் அதைப் பணித்திறன் மதிப்பீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒரு கற்பனை அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். கண்காணிப்பாளர் ஒருவர், அவருக்குக் கீழே உதவியாளர்கள் ஐந்து பேர். கோப்பு நகர்த்தும் வேகம், பொதுமக்களிடம் நடந்துகொள்ளும் விதம், கணினித் தேர்ச்சி என்று மூன்று தலைப்புகளில் பத்துக்கு மதிப்பெண்.

கண்காணிப்பாளர் எல்லோருக்கும் எல்லாவற்றிலும் இரண்டு மதிப்பெண் கூட்டிப் போடுகிறார் என்றால், அது மட்டத்தில் நேர்ந்த பிழை. யாருக்குப் பதவி உயர்வு என்பது மட்டுமே கேள்வியானால், இதனால் ஒரு கெடுதலும் இல்லை, வரிசை மாறாது. ஒட்டுமொத்தமாக யார் முன்னே, யார் பின்னே என்பதைச் சரியாகப் பிடிக்கிறாரா என்பது இரண்டாவது. பதவி உயர்வுக்கு வேண்டியது இதுதான். மூன்றாவது, அந்தப் பிரிவே எதில் பலவீனம் என்பதைச் சரியாகச் சொல்கிறாரா என்பது. ஐந்து பேரையும் கணினிப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்ற முடிவுக்கு இது உதவும். நான்காவதுதான் கடினம்: எந்த ஆளுக்கு எதில் பலம், எதில் குறை என்று பிரித்தறிவது. ஓர் ஊழியரை உட்காரவைத்து, 'தம்பி, இதில் நீ தேறிவிட்டாய், இதில் இன்னும் கவனம் வேண்டும்' என்று சொல்ல இந்த நான்காவது துல்லியம் வேண்டும்.

ஒருவருக்கு இந்த நான்கும் சேர்ந்தே அமைய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒன்றில் கெட்டிக்காரர் மற்றொன்றில் கோட்டை விடலாம்.

இதன் விளைவு ஆராய்ச்சி முறையிலேயே தெரிகிறது. ஒட்டுறவுக் கெழுவால் அளக்கும் ஆய்வாளர், எல்லோருக்கும் இரண்டு கூட்டிப் போட்ட நம் கண்காணிப்பாளருக்கு முழுமையான துல்லியம் உண்டு என்பார். வித்தியாசங்களை வர்க்கமாக்கிக் கூட்டும் ஆய்வாளர் அதே மனிதரைக் கடைசி வரிசையில் நிறுத்துவார். தரவு ஒன்று, தீர்ப்பு இரண்டு. 1988இல் லோர்ன் சல்ஸ்கியும் பால்சரும் இத்துறையின் அளவைகளை அலசிப் பார்த்தபோது கண்டது இந்தக் குழப்பத்தைத்தான்: ஒவ்வோர் ஆய்வும் 'துல்லியம்' என்று சொல்கிறது; ஒவ்வொன்றும் வேறொன்றை அளக்கிறது.

3. எடைக்கல்லைத் தயாரித்தல்

நான்கில் எதை அளக்க வேண்டுமானாலும் 'உண்மையான மதிப்பெண்' என்று ஒன்று வேண்டுமே! 1970களின் பிற்பகுதியில் வால்டர் போர்மன் அதற்கு ஒரு வழி கண்டார். மேலாளர் ஒருவர் சிக்கலான ஊழியரிடம் பேசுவது, ஆளெடுக்கும் அதிகாரி விண்ணப்பதாரரை நேர்காணல் செய்வது என்று இரண்டு வேலைகளுக்குக் காட்சிகள் எழுதப்பட்டன. எழுதும்போதே, இந்தக் காட்சியில் இவர் கேட்டறிவதில் சிறப்பு, பூசலைத் தணிப்பதில் மோசம் என்று திறன்வாரியாக அளவு வைத்தே எழுதினார்கள். நடிகர்கள் நடிக்க, வீடியோவில் பதிவானது. பிறகு அத்துறை அறிந்த நிபுணர்கள் குழு அந்தக் காட்சிகளைக் கவனமாக ஆராய்ந்து மதிப்பெண் தந்தது. அந்த மதிப்பெண்களின் சராசரியே எடைக்கல். நிபுணர்களின் மதிப்பெண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, எழுதியவர் நினைத்த அளவோடு பொருந்துகின்றனவா என்பதும் சோதிக்கப்பட்டது.

இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு இது என்று சொன்னால் மிகையில்லை. அதுவரை கைக்கெட்டாமல் இருந்த உண்மை, ஆய்வாளரின் மேசைக்கே வந்தது. படிவத்தை மாற்றினால் துல்லியம் கூடுமா, பயிற்சி தந்தால் கூடுமா என்று நேராகவே சோதிக்கலாம். படிவத்தைப் பொறுத்தவரை விடை ஏமாற்றமாகவே இருந்தது. 1963இல் பாட்ரிசியா ஸ்மித்தும் லார்ன் கெண்டலும், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எதிரே செவிலியர்களின் உண்மையான நடத்தை ஒன்றை எழுதிவைக்கும் அளவுகோலை அறிமுகப்படுத்தியிருந்தார்கள். அதன்பின் விதவிதமான படிவங்கள் வந்தன. 1980இல் ஃபிராங்க் லாண்டியும் ஜேம்ஸ் ஃபாரும் படிவ ஆராய்ச்சிக்குக் கொஞ்ச காலம் ஓய்வு கொடுங்கள் என்றே எழுதிவிட்டார்கள்.

பயிற்சியின் கதை வேறு. பிழைகளைத் தவிர்க்கச் சொல்லித்தருவதை விட்டு, 'நம் அலுவலகத்தில் எட்டு மதிப்பெண் என்றால் எந்த மாதிரி வேலை, நான்கு என்றால் எந்த மாதிரி வேலை' என்று உதாரணம் காட்டி, போட்டுப் பார்க்கச் செய்து, நிபுணர் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுக் காட்டும் பயிற்சி துல்லியத்தை உயர்த்தியது. 1994இல் டேவிட் வோரும் ஆலன் ஹஃப்கட்டும் தொகுத்த ஆய்வுகளிலும் துல்லியத்துக்குப் பெரிதும் உதவியது இந்தப் பொது அளவுகோல் பயிற்சிதான்.

ஆனால் ஒரு சந்தேகத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நிபுணரின் அளவுகோலைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நிபுணரின் மதிப்பெண்ணோடு ஒத்துப்போகிறாயா என்று சோதித்தால், ஒத்துப்போகத்தான் செய்யும். கூடியது துல்லியமா, இணக்கமா? அதோடு, வீடியோ பார்ப்பவர் பெரும்பாலும் கல்லூரி மாணவர். திரையில் இருப்பவரோடு அவருக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. குறைவாகப் போட்டால் நாளை முகம் பார்க்க வேண்டிய சங்கடமும் இல்லை.

4. நினைவில் நடக்கும் கலப்படம்

ஆய்வகம் இன்னொரு கேள்விக்கும் நல்ல விடை தந்தது: மதிப்பிடுபவர் பார்த்ததைத்தான் நினைவில் வைத்திருக்கிறாரா?

இதற்கான முறையை ராபர்ட் லார்ட் 1985இல் ஒழுங்குபடுத்தினார். காட்சியைக் காட்டிவிட்டு, பிறகு ஒரு நடத்தைப் பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். பட்டியலில் சில நடந்தவை, சில நடக்காதவை. நடந்ததை நடந்தது என்று அடையாளம் காண்பது ஒரு கணக்கு. நடக்காததையும் பார்த்ததாகச் சத்தியம் செய்வது இன்னொரு கணக்கு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் நினைவு எவ்வளவு, ஊகம் எவ்வளவு என்று தெரியும். 'இந்தக் குழு நன்றாகச் செயல்பட்டது' என்று முன்கூட்டியே ஒரு சொல் சொல்லிவிட்டால், பார்வையாளர்கள் நடக்காத நல்ல செயல்களையும் நடந்ததாகச் சொல்கிறார்கள் என்பது இந்த முறையில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு.

போன ஆண்டு மதிப்பெண்ணைப் புரட்டிப் பார்த்துவிட்டு இந்த ஆண்டுக்கு எழுத உட்காரும் அதிகாரிக்கும் இதேதான் நேரும். 1989இல் ஏஞ்சலோ டினிசியும் சகாக்களும் நாட்குறிப்பு வைத்துக்கொள்வதைச் சோதித்தார்கள். ஆள்வாரியாகக் குறிப்பெழுதி ஒழுங்குபடுத்தியவர்களுக்கு நினைவும் மதிப்பீடும் மேம்பட்டன. செலவில்லாத மருந்து, இருந்தும் நம் அலுவலகங்களில் காண்பது அரிது.

5. அலுவலகத்துக்குள் நுழைந்தால்

ஆய்வகத்தை விட்டு வெளியே வந்ததும் எடைக்கல் கைநழுவிப் போகிறது. அங்கே ஆய்வாளருக்கு எஞ்சியவை இரண்டே வழிகள்.

முதல் வழி, ஒரே ஊழியரை இருவர் மதிப்பிட்டால் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. 1996இல் விஸ்வேஸ்வரன், ஒனெஸ், ஷ்மிட் மூவரும் பல ஆய்வுகளைத் திரட்டிக் கண்டது: இரு மேலதிகாரிகளின் மதிப்பெண்களுக்கு இடையே சராசரி ஒட்டுறவு 0.52. சக ஊழியர்களிடையே 0.42. 2000ஆம் ஆண்டு ஸ்கல்லன், மவுண்ட், கோஃப் ஆகியோர் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மேலாளர்களின் மதிப்பெண்களைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒவ்வொருவரையும் மேலதிகாரிகள் இருவர், சகாக்கள் இருவர், கீழே வேலை செய்வோர் இருவர் மதிப்பிட்டிருந்தார்கள். மதிப்பெண்களில் காணப்பட்ட வேறுபாட்டில் ஒரு தொகுப்பில் 62 விழுக்காடும் மற்றொன்றில் 53 விழுக்காடும் மதிப்பிடுபவரின் தனிப்போக்கால் விளைந்தவை. மதிப்பிடப்பட்டவரின் திறனால் விளைந்த பங்கு அதில் பாதிகூட இல்லை. மேலாளரைப் பற்றிய அறிக்கை என்று நிறுவனம் பத்திரப்படுத்திய தாளில், அதை எழுதியவரைப் பற்றிய செய்தியே அதிகம்.

இதற்கு மறுப்பும் உண்டு. மர்ஃபியும் ரிச்சர்ட் டிஷானும் அதே ஆண்டில், இருவர் ஒத்துப்போகாததை எல்லாம் பிழைக் கணக்கில் எழுதக் கூடாது என்று வாதிட்டார்கள். பிரிவுத் தலைவர் பார்க்கும் ஊழியர் வேறு, திட்டத் தலைவர் பார்க்கும் ஊழியர் வேறு. இருவரும் தாம் பார்த்ததைச் சரியாகவே சொல்லியிருக்கலாம். நியாயமான பேச்சுத்தான். மறுபக்கம், இருவர் ஒத்துப்போனாலும் இருவருமே தவறாக இருக்கலாம். ஒற்றுமை துல்லியத்துக்குச் சான்றாகாது.

இரண்டாவது வழி, விற்பனை, உற்பத்தி போன்ற கண்கூடான எண்ணிக்கையோடு ஒப்பிடுவது. 1995இல் பாமரும் சகாக்களும் திரட்டியதில் இந்த ஒட்டுறவு 0.39 மட்டுமே. இதைப் பார்த்து மேலதிகாரிகளைக் குறை சொல்லிவிட முடியாது. நகரின் வளமான பகுதி கிடைத்த விற்பனையாளரின் எண்ணிக்கை அவருடைய திறமையை மட்டும் சொல்வதில்லை. அதைக் கணக்கில் கொண்டு மதிப்பெண்ணைக் குறைக்கும் மேலாளர், எண்ணைவிடத் துல்லியமானவராகவும் இருக்கக்கூடும்.

6. தெரிந்தே பொய் சொல்பவர்

இதுவரை பேசியவை எல்லாம், மதிப்பிடுபவர் சரியாகச் சொல்லவே விரும்புகிறார் என்ற எண்ணத்தில் பேசியவை. 1987இல் லாங்கனெக்கர், சிம்ஸ், ஜியோயா மூவரும் 60 உயர் அதிகாரிகளை நேர்கண்டார்கள். அந்த அதிகாரிகள் ஒளிவுமறைவின்றிப் பேசினார்கள். வீட்டில் கஷ்டம் உள்ளவருக்குக் கூட்டிப் போடுவோம். கறுப்புப் புள்ளி நிரந்தரமாகக் கோப்பில் பதியக் கூடாதென்று கூட்டிப் போடுவோம். பிடிக்காதவரை வேறு இடத்துக்குத் தள்ளிவிடவும் கூட்டிப் போடுவோம். அடங்காதவருக்குப் பாடம் கற்பிக்கக் குறைத்துப் போடுவோம். அவர்களுக்கு உண்மை தெரியாமல் இல்லை. தாளில் எழுதுவதற்கு வேறு காரணங்கள் இருந்தன.

இதை அளக்கவும் ஒரு முறை உண்டு. ஒரே ஆட்களை ஆராய்ச்சிக்காக ஒரு முறையும், நிர்வாக முடிவுக்காக ஒரு முறையும் மதிப்பிடச் செய்து ஒப்பிடுவது. 1951இல் டெய்லரும் வெர்ரியும் ராணுவத்தில் இதைச் செய்தார்கள். 1997இல் ஜவஹரும் வில்லியம்ஸும் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்தபோது, நிர்வாக முடிவுக்கான மதிப்பெண்கள் திட்ட விலக்கத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்து நின்றன. பார்த்த வேலை அதே, பார்த்த கண்ணும் அதே. நோக்கம் மாறியதும் எண் மாறிவிட்டது.

பொய்யைத் தடுக்க அமெரிக்க ராணுவம் 1947இல் ஒரு தந்திரம் செய்தது. கேட்க ஒரே மாதிரி நன்றாக இருக்கும் வாசகங்களைத் தொகுப்பாகத் தந்து, எது பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னது. எந்த வாசகத்துக்கு மதிப்பெண் என்பது அதிகாரிக்கே தெரியாது. தான் நல்ல மதிப்பெண் போட்டோமா கெட்ட மதிப்பெண் போட்டோமா என்று தெரியாமல் கையெழுத்திட எந்த அதிகாரிக்கு மனம் வரும்? முறை நீடிக்கவில்லை.

7. நம் வீட்டுக் கோப்பு

எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் இருந்த செயற்பொறியாளர் தேவ் தத்துக்கு 1993-94இல் 'நன்று' என்று குறிப்பு எழுதப்பட்டது. கேட்க நல்ல சொல்தான். ஆனால் பதவி உயர்வுக்குத் தொடர்ந்து 'மிக நன்று' வேண்டும் என்பது விதி. குறிப்பு அவருக்குத் தெரிவிக்கப்படவும் இல்லை. உச்ச நீதிமன்றம் 2008 மே மாதம் தந்த தீர்ப்பில், எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது. மறு ஆண்டே மத்திய அரசு ரகசியக் குறிப்புக்கு விடைகொடுத்து, முழு அறிக்கையையும் ஊழியரிடம் காட்டும் முறைக்கு மாறியது. ஆட்சேபம் இருந்தால் 15 நாளில் எழுதித்தரலாம். பத்துக்கு எண், வேலைக்கு 40 விழுக்காடு, தனிப்பண்புக்கு 30, செயல்திறமைக்கு 30. ஒன்பதோ பத்தோ போட்டால் குறிப்பான சாதனையைச் சொல்லிக் காரணம் எழுத வேண்டும். அவை அரிதாகவே இருக்கும் என்று விதியே எதிர்பார்க்கிறது.

நியாயத்தின் பார்வையில் இது பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. துல்லியத்தின் பார்வையில்? ஆறாம் பகுதியில் சொன்ன ஆய்வுகள் சொல்வதை வைத்துப் பார்த்தால், தன் பேனா எழுதியது மறுநாளே எதிர் நாற்காலிக்காரர் கையில் இருக்கும் என்று தெரிந்த அதிகாரியின் மதிப்பெண் மேல்நோக்கித்தான் நகரும். இந்த அறிக்கையில் மதிப்பிடும் அதிகாரி, மறுபரிசீலனை அதிகாரி என இருவர் எண் தருகிறார்கள். ஆனால் இரண்டாமவர் முதலாமவரின் எண்ணைப் பார்த்துவிட்டே தன் எண்ணை எழுதுகிறார். ஆகவே இரண்டும் ஒத்துப்போவதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

இங்கே அமர்ந்திருக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும், ஓய்வுபெற்ற, பணியிலுள்ள அதிகாரிகளுக்கும் இந்த உரை முன்வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஏதேனும் ஒரு துறையில், ஒரே ஓர் ஆண்டு, ஒரு சிறு மாதிரிக்கு மட்டும், மறுபரிசீலனை அதிகாரி முதல் எண்ணைப் பார்க்காமல் தன் எண்ணை எழுதி உறையிலிட்டுத் தரட்டும். அதே அதிகாரிகள் அதே ஊழியர்களுக்கு, கோப்பில் சேராத இன்னொரு தாளில், ஆராய்ச்சிக்காக மட்டும் ஒரு முறை மதிப்பெண் போடட்டும். பெயர்களை நீக்கி இரண்டையும் பல்கலைக்கழகத்திடம் கொடுங்கள். புதிய சட்டம் வேண்டியதில்லை. துறைத் தலைவர் ஒருவரின் ஒப்புதலும் சில நூறு உறைகளும் போதும்.